டகாயாசு நோயும் பெட் ஸ்கேனும்



சென்ற மாதம் மருத்துவ உதவி மனுவோடு ஒரு உம்மா நம் அலுவலகத்துக்கு வந்தார். 22 வயது மகளுக்கு பெட் ஸ்கேன் எடுக்கும்படி டாக்டர் எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகியும் எடுக்கவில்லை. பணம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், “அந்த ஊசியைப் போட்டால் பிள்ளை பிறக்காது” என்று உறவில் யாரோ சொல்லிவிட்டார்கள். பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கும் நேரம். பணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். பயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம், விஷயத்தை எழுதுங்கள் என்று அவரே சொன்னார்.

அந்தப் பெண்ணுக்கு வந்திருப்பது டகாயாசு நோய். 1908-ல் இதைப் பற்றி எழுதிய ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ டகாயாசுவின் பெயர் இதற்கு வந்தது. இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்து, நாளடைவில் சுருங்கிவிடும். அரிய நோய்தான். ஆனால் ஆசிய நாடுகளில் சற்று அதிகம். பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு வருகிறது. தொடக்கத்தில் காய்ச்சல், அசதி, மெலிவு. ரத்தசோகை என்றோ கண்ணூறு என்றோ நாம் விட்டுவிடுவோம். பிறகு தலை வாரும்போதும் துணி துவைக்கும்போதும் ஒரு கை சோர்ந்துபோகும். அந்தக் கையில் நாடி கிடைக்காது. இரண்டு கைகளிலும் பிரஷர் வெவ்வேறாக இருக்கும்.

சுருங்கிய குழாயை ஆஞ்சியோ படம் காட்டிவிடும். குழாயின் சுவரில் அழற்சி இன்னும் இருக்கிறதா என்பதுதான் கடினமான கேள்வி. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் சரியாக இருக்கும்போதே உள்ளே நோய் நடந்துகொண்டிருக்கலாம். அழற்சி உள்ள இடத்துச் செல்கள் சர்க்கரையை அதிகமாக இழுக்கும். எனவே ஃபுளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த, சர்க்கரை போன்ற மருந்தைக் கொஞ்சம் ஊசியில் ஏற்றி, ஒரு மணி நேரம் போல அமைதியாக இருக்கவிட்டுப் படம் எடுக்கிறார்கள். பெருந்தமனியின் சுவர் பளிச்சென்று தெரிந்தால் நோய் அங்கே அடங்கவில்லை என்று பொருள்.

அந்த மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். 4 மணி நேரத்தில் கால் பங்குக்கும் கீழே. மறுநாள் ஏறக்குறைய ஒன்றும் இராது. கதிர்வீச்சே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் தேவையில்லாமல் இதை எடுப்பதில்லை. கர்ப்பமாக இருந்தால் கூடியவரை தவிர்க்கிறார்கள். கர்ப்பமோ, பால் கொடுப்பதோ இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு ஸ்கேனால் பிள்ளைப் பேறு போய்விடும் என்பது உண்மையல்ல.

மருந்து இத்தனை சீக்கிரம் வீரியம் இழப்பதால், குறித்த நேரத்துக்குப் போகாவிட்டால் அது வீணாகும். 6 மணி நேரம் வெறும் வயிறு; தண்ணீர் மட்டும் குடிக்கலாம். முந்தின நாள் கடினமான வேலை வேண்டாம். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் தங்கள் மாத்திரை பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.

ஸ்டீராய்டு தொடங்கிய சில நாட்களிலேயே படத்தில் அந்த வெளிச்சம் மங்கத் தொடங்கும். எனவே முதல் ஸ்கேனை அதற்கு முன்பே எடுக்க டாக்டர்கள் விரும்புவார்கள். கண்ணுக்கோ மூளைக்கோ ஆபத்து என்றால் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். மூன்று வாரம் கடத்தியது எனக்கு வருத்தமாக இருந்தது இதனால்தான்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்துவிடலாமா என்றும் அந்த உம்மா கேட்டார். கூடாது என்றேன். இந்த நோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைகள் கருவுக்குக் கேடு. கர்ப்பத்துக்குப் பல மாதம் முன்பே டாக்டர் அவற்றை மாற்ற வேண்டும். கர்ப்ப காலம் முழுக்க பிரஷரைக் கவனிக்க வேண்டும். கணவருக்குத் தெரியாமல் இதெல்லாம் எப்படி நடக்கும்? நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரித்து, நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். அதையும் சேர்த்தே அவர்களிடம் சொல்லுங்கள் என்றேன்.

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. அறிக்கையையும் சி.டி.யையும் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். சில மாதம் கழித்துத் தேவைப்பட்டால் மறுபடி எடுத்து, இதோடு ஒப்பிட்டுத்தான் மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். அப்போதும் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. நாடி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்துத்தான். அதுவரை உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை அவர்களாக நிறுத்திவிடக் கூடாது.