பிள்ளைகளின் பள்ளி வருகையும் கூட்டுறவு சங்கங்களின் கடமையும்

கூட்டுறவு சங்கத்தில் கடன் பெற்ற அங்கத்தினர் ஒருவர் ஒரு தவணையைத் தவறவிட்டால், அதன் விளைவு அத்தவணையோடு நிற்பதில்லை. வட்டி ஏறுகிறது, அடுத்த தவணை முன்னிலும் பாரமாகிறது, இரண்டு மூன்று தவணைகள் தவறியபின், கடனைத் தீர்க்கலாம் என்னும் தைரியமே போய்விடுகிறது. இதைச் சங்கத்தார் யாவரும் அனுபவத்தில் அறிவர். ஆரம்பப் பாடசாலையில் படிக்கும் சிறுவர் சிறுமியரின் வருகையும் இதே இயல்புடையது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம், பெயர் பதிவாகிவிட்டது, இனி உபாத்தியாயர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகிறார்கள். சேர்ப்பது வேறு; நாள்தோறும் அனுப்புவது வேறு. கம்பம் பள்ளத்தாக்கின் கிராமங்களில் இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் குறைக்கக் கூட்டுறவு சங்கங்களால் ஆவது யாது என்பதை இங்கே விளக்குவோம்.

ஒரு நாள் தவறுவதன் கணக்கு

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், முதல் ஐந்து வகுப்புக்களுக்கு வருஷத்தில் 200 வேலை நாட்களாவது இருக்கவேண்டுமென விதிக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாட்கள் வீதம் இது 40 வாரங்கள். ஒரு பிள்ளை சந்தை நாளன்றோ, தாய் கூலிக்குப் போகும் நாளன்றோ, வாரத்தில் ஒரே ஒரு நாள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 40 நாட்கள் நஷ்டம். ஐந்து வருஷங்களில் 200 நாட்கள். அதாவது முழுமையான ஒரு வருஷத்துப் படிப்பு. ஐந்தாம் வகுப்பு முடித்ததாகச் சான்று பெறும் பிள்ளை, உண்மையில் நான்கு வருஷமே படித்திருக்கிறது.

நஷ்டம் நாட்களின் அளவோடும் முடிவதில்லை. திங்கட்கிழமை பத்தின் தானத்திலிருந்து கடன் வாங்கிக் கழிக்கும் முறையை உபாத்தியாயர் கற்பிக்கிறார். அன்று வராத பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமைக் கணக்கு புரிவதில்லை. புரியாதவற்றைக் கேட்கக் கூச்சம். விடை தவறினால் மற்றப் பிள்ளைகள் நகைப்பார்கள் என்னும் அச்சம். ஆகவே புதன்கிழமை வயிற்று வலி என்று சொல்லி வீட்டிலேயே நின்றுவிடுகிறது. முதல் நாள் பெற்றோர் நிறுத்திய பிள்ளை, மூன்றாம் நாள் தானே நின்றுகொள்கிறது. பிறகு பெற்றோர், "இவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று முடிவு கட்டுகிறார்கள்.

இப்பகுதியில் பிள்ளைகள் நிற்பதற்குக் காரணங்கள்

பிள்ளைகள் வராமைக்குப் பெற்றோரின் அசட்டையே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பள்ளத்தாக்கின் விவசாய நாட்காட்டியைப் பள்ளியின் நாட்காட்டிக்கு அருகில் வைத்துப் பார்த்தால் வேறு உண்மை விளங்கும். 1895-ஆம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையின் தண்ணீரால், கூடலூர் முதல் கீழே உள்ள ஊர்களில் இருபோக நெல் சாகுபடி நடைபெறுகிறது. முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூன் மாதத்தில் தண்ணீர் விடப்படுகிறது. பள்ளிகள் திறப்பதும் ஜூன் மாதத்தில்தான். நாற்றுக்கும் உழவுக்கும் கையிலுள்ள பணமெல்லாம் செலவாகும் வேளையிலேயே பிள்ளைக்குச் செருப்பும் பையும் வாங்கவேண்டியிருக்கிறது. திராட்சைத் தோட்டங்களிலோ வருஷத்தில் ஒரு முறைக்கு மேல் அறுவடை உண்டு.

இவற்றினும் பெரிது மலை வேலை. ஆகஸ்டு மாதத்துக்குப் பின் ஏலக்காய் எடுப்பு மும்முரமாகும்போது, கம்பம், கூடலூர், தேவாரம், போடிநாயக்கனூர் வட்டாரங்களிலிருந்து பெண்கள் விடியுமுன்னே ஜீப்புகளில் ஏறி, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஜில்லாத் தோட்டங்களுக்குச் செல்கிறார்கள், இருட்டியபின் திரும்புகிறார்கள். தாய் புறப்படும்போது பிள்ளைகள் உறக்கத்திலிருப்பார்கள். அவர்களை எழுப்பி, குளிப்பாட்டி, அனுப்புவோர் யார்? கைக்குழந்தை இருந்தால் அதைப் பார்த்துக்கொள்வோர் யார்? பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளையே. எட்டு அல்லது ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி நான்கு மாதம் தாயின் ஸ்தானத்தில் நின்றுவிட்டுத் திரும்பவும் வகுப்புக்கு வரும்பொழுது, அவளுடைய தோழியர் வெகுதூரம் சென்றிருப்பர். அவளுடைய தாய் படிப்பை வெறுப்பவள் அல்லள். மாலையில் கொண்டுவரும் கூலியே அன்றைய அடுப்பை எரிப்பது.

பசிக்குக் கண்ட பரிகாரம்

பள்ளி வருகைக்கு இடையூறான காரணங்களுள் முதன்மையானதாகிய பசிக்குத் தமிழ்நாடு நூறு வருஷங்களுக்கு முன்பே பரிகாரம் தேடத் தொடங்கியது. 1920-ஆம் வருஷத்தில், சர். பி. தியாகராய செட்டியார் தலைவராயிருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள தன் பாடசாலையில், பிள்ளை ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் பகல் உணவு வழங்கத் தீர்மானித்தது. 1956-ல் முதல் மந்திரி காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அத்திட்டம் சர்க்கார் பணத்தால் மட்டும் நடந்ததன்று. ஊர்ப் பொதுமக்களும் தானியமும் பணமும் தந்து பங்கு கொண்டனர். 1982 ஜூலை 1-ல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி முதலில் 1,545 பள்ளிகளில் நடந்த காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டு 25 முதல் ராஜ்யத்திலுள்ள சர்க்கார் ஆரம்பப் பாடசாலைகள் அனைத்துக்கும் விரிந்தது.

ஜீப்பு ஏறும் தாய்மார்களுக்குக் காலை உணவைப்போன்ற உதவி வேறில்லை. விடியற்காலையில் அடுப்பு மூட்டாத வீட்டுப் பிள்ளையும் பள்ளியில் சூடாக உண்ணலாம். ஆனால், உணவு பள்ளியில் இருக்கிறது. பிள்ளை வீட்டில் இருக்கிறது. பிள்ளையை அங்கே கொண்டு சேர்க்கும் கை ஊரிலிருந்துதான் வரவேண்டும்.

முன்னோர் கண்ட இரண்டு பாடங்கள்

இன்றைய தேனி ஜில்லா 1996-ல் பிரிக்கப்படும் வரையில் மதுரை ஜில்லாவின் பகுதியாயிருந்தது. அந்த மதுரைச் சீமையில், பிறமலைக் கள்ளர் சமூகத்தாரைக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்னும் அநியாயமான சட்டத்தால் அன்றைய சர்க்கார் கட்டுப்படுத்தியது. 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தோர்மீது போலீசார் சுட்டனர், பலர் மாண்டனர். அக்காலத்தில் தொடங்கிய கள்ளர் சீரமைப்பு வேலையில் பள்ளிக்கூடங்களோடு கூட்டுறவு சங்கங்களும், கிணறு வெட்ட உதவியும் சேர்க்கப்பட்டன. அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் ரத்தாயிற்று. பள்ளிகளோ மதுரை, தேனி, திண்டுக்கல் ஜில்லாக்களில் நிலைத்துவிட்டன. அச்சத்தை விளைவித்த சட்டம் அழிந்தது. ஜீவனத்துக்கு வழியும் படிப்புக்கு வழியும் சேர்ந்து வந்த இடத்தில் பள்ளி வேரூன்றியது.

இரண்டாவது பாடம் பஞ்சாபிலிருந்து வருகிறது. அங்கே 1920-ஐ அடுத்த வருஷங்களில், கட்டாயக் கல்விக்கென்றே கூட்டுறவு சங்கங்கள் ஏற்பட்டன. அங்கத்தினர், தம் பிள்ளைகளை ஆரம்பப் படிப்பு முடியும்வரை தவறாது அனுப்புவதாகவும், தவறினால் அபராதம் கொடுப்பதாகவும் தாமே கையொப்பமிட்டார்கள். பிறர் விதித்த கட்டாயத்தினும் தாமே ஏற்ற கட்டாயம் மதிக்கப்படும் என்பது இதன் கருத்து. ஆயினும் அபராதத்தை நாம் அப்படியே கொள்ளலாகாது. வறுமையினால் பிள்ளையை நிறுத்தியவரிடம் மேலும் பணம் பறிப்பது நோயாளியின் கஞ்சியைப் பறிப்பதாகும். உறுதிமொழியைக் கொள்வோம், அபராதத்துக்குப் பதிலாக விசாரணையையும் உதவியையும் வைப்போம்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

முதலாவது, மாதந்தோறும் பஞ்சாயத்தார் கூடும்போது, பாக்கிக் கணக்கைப் பார்ப்பதுபோல், அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளுள் ஐந்து நாட்களுக்கு மேல் நின்றவர் யார் என்பதையும் தலைமை உபாத்தியாயரிடம் கேட்டறிய வேண்டும். அப்பெயர்களைக் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டா. பஞ்சாயத்தாருள் ஒருவர் அவ்வீட்டுக்குச் சென்று காரணத்தைக் கேட்டால் போதும்.

இரண்டாவது, ஜூன் மாதச் செலவை ஏப்ரலிலேயே எண்ண வேண்டும். அறுவடைப் பணம் கையிலிருக்கும்போதே வாரந்தோறும் சிறு தொகையைச் சேமிப்புக் கணக்கில் கட்டிவருமாறு அங்கத்தினரைத் தூண்டினால், பள்ளி திறக்கும் வாரத்தில் கந்துவட்டிக்காரரிடம் போக நேராது.

மூன்றாவது, ஏலக்காய்க் காலத்துக்குத் தெரு ஏற்பாடு வேண்டும். ஒரு தெருவில் மலைக்குச் செல்லும் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, மலைக்குச் செல்லாத பாட்டி ஒருவரையோ, முறைவைத்து ஒரு தாயையோ நியமித்துக்கொண்டால், பிள்ளைகளை எழுப்பிக் காலை உணவு வேளைக்குள் பள்ளியில் விட்டுவரலாம். கைக்குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்த்தால் மூத்த சிறுமி விடுதலை பெறுவாள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதை நடத்தத் தக்கவை. காலை உணவைச் சமைக்கும் பணியிலும் அக்குழுவினரே இருக்கிறார்கள்.

நான்காவது, குடும்பத்தோடு மலையில் தங்கச் செல்வோர் மாற்றுச் சான்றிதழைக் கேட்டுப் பெற்றுச் செல்ல வேண்டும். அதைத் தாமதமின்றித் தரவேண்டுமென்பது சட்டம். பீர்மேடு, தேவிகுளம் தாலுகாக்களில் தமிழில் கற்பிக்கும் பள்ளிகளும் உண்டு.

ஐந்தாவது, பொது நன்மை நிதி. 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டமே, லாபத்தில் நான்கில் ஒரு பங்கைச் சேம நிதியில் சேர்த்தபின், மீதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையை ரிஜிஸ்திரார் அனுமதியுடன் தருமகாரியத்துக்குச் செலவிட இடங்கொடுத்தது. நடப்புச் சட்டமும் துணை விதிகளும் இடங்கொடுக்குமளவில், அத்தகைய நிதியால் பள்ளிக்குக் குடிநீர்த் தொட்டியோ, மழைக்காலத்துக்குக் குடைகளோ வாங்கித் தரலாம். சிறுமியரின் கழிப்பிடத்தைப் பழுதுபார்ப்பது இவற்றினும் முந்தியது.

ஆறாவது, கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதன் அங்கத்தினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். சங்க அங்கத்தினராகிய பெற்றோர் அக்கூட்டத்துக்குத் தவறாமற் சென்றால், உபாத்தியாயர் வராத நாட்களைப் பற்றியும் தைரியமாகக் கேட்கலாம். பிள்ளைகளிடம் ஒழுங்கை எதிர்பார்க்கும் ஊர், பள்ளியிடமும் அதை எதிர்பார்க்க உரிமையுடையது.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. கணக்கைத் தவறாது பார்க்கும் பழக்கமும், பக்கத்து வீட்டாரின் கஷ்டத்தைத் தம்முடையதாகக் கருதும் குணமுமே வேண்டுவன. அவ்விரண்டும் கூட்டுறவாளருக்குப் புதியன அல்ல. அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பில், கடன் மனுக்களுக்கு முன்னதாக, "இம்மாதம் பள்ளிக்கு வராத பிள்ளைகள்" என்று ஒரு வரியைக் காரியதரிசி சேர்த்துக்கொண்டால் வேலை தொடங்கிவிடும்.