மருத்துவமனையில் நூலகருக்கு என்ன வேலை?

மண்ணாடிப்பட்டு, திருக்கனூர்ப் பக்கத்து நெல் வயல்களுக்கு எலியைத் தேடி வரும் கண்ணாடி விரியனை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். விலங்கியலார் அதற்கு வைத்துள்ள பெயர் என்ன? இன்றைய நூல்களில் 'டபோயா ரஸ்ஸெலியை' என்றிருக்கும். 1970களில் வெளிவந்த மருத்துவ இதழ்களைப் புரட்டினாலோ 'வைப்பெரா ரஸ்ஸெலி' என்று காணப்படும். பாம்பு ஒன்று, பெயர் இரண்டு! புதுப் பெயரை மட்டும் வைத்துத் தேடும் மருத்துவர், அதன் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்குவது பற்றி முன்பு எழுதப்பட்டவற்றில் ஒரு பகுதியைக் காணாமலே போகக்கூடும்.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பவர்தான் மருத்துவ நூலகர். புத்தகம் கொடுத்து வாங்குவது அவருடைய வேலையில் சிறு பகுதியே. மருத்துவர் கேட்கும் கேள்விக்கு உலகில் எங்கே, எந்த ஆண்டில், யார் விடை எழுதியிருந்தாலும் அதைத் தேடி எடுத்துத் தருவதே அவருடைய முக்கியப் பணியாகும்.

எப்படித் தேடுகிறார்? கணக்கு வகுப்பில் நீங்கள் படிக்கும் கணங்களை நினைவுகூருங்கள். பாம்பின் பெயர்கள் எத்தனை உண்டோ அத்தனையையும் 'அல்லது' போட்டுச் சேர்த்தால் ஒரு கணம் கிடைக்கும். இது சேர்ப்புக் கணம். சிறுநீரகத்தைக் குறிக்கும் சொற்களையெல்லாம் அதேபோல் சேர்த்தால் இன்னொரு கணம். இவ்விரண்டின் வெட்டுக் கணத்தில் இருப்பவையே நமக்கு வேண்டிய கட்டுரைகள். 'அல்லது' கூடினால் வலை அகலும், 'மற்றும்' கூடினால் வலை குறுகும். எங்கே அகட்டுவது, எங்கே குறுக்குவது என்பதில்தான் நூலகரின் திறமை இருக்கிறது. தேர்வுக்காக வட்டம் வட்டமாக வரைந்து விட்டு மறந்து போகிற பாடம் இவ்வளவு தூரம் பயன்படுகிறதே என்று எனக்கு வியப்புதான்.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். (எங்கள் ஆள் என்று சொல்லிக் கொள்வதில் எனக்குப் பெருமை.) 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் ஒரு பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குறியீடு தருவார்கள். மருத்துவத்துக்கு 'எல்' என்ற ஆங்கில எழுத்து. அதில் 45 என்றால் நுரையீரல், 421 காசநோய், 6 சிகிச்சை, 253 எக்ஸ் கதிர். வரிசையாகக் கோத்துவிட்டால், நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ் கதிரால் சிகிச்சை என்று பொருள்! வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அவர் வகுத்த ஐந்து நூலக விதிகளுள் நான்காவது. மருத்துவமனையில் வாசகரின் நேரம் என்பது கட்டிலில் கிடக்கும் நோயாளியின் நேரம் அல்லவா?

மருத்துவ இதழ்களுக்கு ஒரு பொதுச் சுட்டி வேண்டும் என்று 1879இல் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் வெளியீட்டைத் தொடங்கியவர் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர். 1964இல் அந்தப் பணி கணிப்பொறிக்கு ஏறியது. அதன் வழிவந்த 'பப்மெட்' தொகுப்பில் இன்று மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. காசு கொடுக்காமல் எவரும் பார்க்கலாம். அப்படியானால் நூலகர் எதற்கு?

2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்தது. நல்ல உடல்நலத்துடன் இருந்த 24 வயதுப் பெண் ஒருவர் தாமாக முன்வந்து, ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சுவழி உள்ளிழுத்தார். முதலில் இருமல் கண்டது. பிறகு நுரையீரல் கெட்டு, ஒரு மாதத்துக்குள் இறந்து போனார். அம்மருந்து நுரையீரலுக்குத் தீங்கு செய்யலாம் என்று 1950களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆராய்ச்சியாளரும் தேடாமல் இல்லை. ஆனால் அவர் நம்பிய கணிப்பொறித் தொகுப்பு அப்போது 1966வரைதான் பின்னோக்கிச் சென்றது. அதற்கு முந்தியவை தடித்த அச்சுச் சுட்டிகளில், நூலக அலமாரியிலேயே இருந்தன. திரையில் எதுவும் தெரியவில்லை என்பது வேறு, உலகில் எதுவும் இல்லை என்பது வேறு. பிற்காலத்தில் அந்தப் பழைய பதிவுகளும் பெருமளவு கணிப்பொறியில் ஏற்றப்பட்டன.

நூலகர் நூலகத்திலேயே அமர்ந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1971இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் கெர்ட்ரூட் லாம்ப் என்பவர், மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்வையிடச் செல்லும்போது நூலகரும் உடன் செல்லும் முறையைத் தொடங்கினார். கட்டிலருகே எழும் கேள்வியை அங்கேயே குறித்துக்கொண்டு போய் விடையுடன் திரும்பலாம். நம் நாட்டு மருத்துவமனைகளிலும் இந்த வழக்கம் பரவினால் நல்லது என்பது என் எண்ணம்.

இதற்காக நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்து, 1964இல் இன்றைய பெயரைப் பெற்ற ஜிப்மர் கோரிமேட்டில்தான் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி என்றாலே நூலகமும் நூலகரும் இருந்தாக வேண்டும். ஏதேனும் ஒரு பட்டம் பெற்றபின் நூலக அறிவியல் இளநிலைப் பட்டம் படித்தால் இத்துறைக்கு வரலாம். உயிரியலில் ஆர்வம் இருந்தால் மிகவும் உதவும்.

இப்போதே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் நோய்ப் பெயர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒருவர் பொன்னுக்கு வீங்கி என்பார், இன்னொருவர் புட்டாளம்மை என்பார். இரண்டும் ஒன்றே. யாராவது வெறுமனே 'அம்மை' என்று சொன்னால், சின்னம்மையா, தட்டம்மையா, பெரியம்மையா என்று திருப்பிக் கேளுங்கள். மருத்துவ நூலகரும் முதலில் அதைத்தான் கேட்பார்.