சிறுதானியக் காய்கறிக் கலவை: தானியத்தை மாற்றினால் மட்டும் போதுமா?

“அரிசிச் சோற்றை விட்டுவிட்டுச் சாமைதான் உண்கிறேன், ஆயினும் சர்க்கரை குறையவில்லை” என்பது நீரிழிவு சிகிச்சைக்கு வருவோர் பலர் கூறும் குறை. சாமை, தினை, வரகு ஆகியவையும் தானியங்களே. அவற்றின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்தாகும். எனவே, தானியத்தை மாற்றுவதோடு அதன் அளவையும் குறைத்து, அந்த இடத்தைக் காய்கறியாலும் பயறாலும் நிரப்ப வேண்டும்.

ஒருவருக்கு ஒரு வேளை அளவு

• சாமை அல்லது வரகு: 40 கிராம் (வேகவைக்கும் முன்)
• கொண்டைக்கடலை அல்லது பச்சைப்பயறு: 30 கிராம் (ஊறவைக்கும் முன்)
• கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், வெள்ளரி, தக்காளி: 200 கிராம்
• வறுத்த நிலக்கடலை: 1 மேசைக்கரண்டி
• எண்ணெய்: 1 தேக்கரண்டி
• எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள், கொத்தமல்லித்தழை, சிறிதளவு உப்பு

தயாரிக்கும் முறை

கொண்டைக்கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து மென்மையாக வேகவைக்கவும். சாமையைக் குழையவிடாமல் உதிரியாக வடித்து ஆறவிடவும். குழைந்த தானியம் விரைவில் செரித்துச் சர்க்கரையை உயர்த்தும். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸை ஆவியில் வேகவைத்து, வெள்ளரி, தக்காளியை நறுக்கி, உண்ணும் நேரத்தில் அனைத்தையும் கலக்கவும்.

பயன்கள்

காய்கறியிலும் பயறிலும் உள்ள நார்ச்சத்து, உணவுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகத்தைத் தணிக்கிறது. தானியப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தைப் பயறு ஈடுசெய்கிறது. எலுமிச்சையின் வைட்டமின் சி, இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது. உணவுடன் தேநீர் அருந்துவது அதைத் தடுக்கும்.

கவனம் தேவைப்படுவோர்

• இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை பெறுவோர்: தானியத்தைத் திடீரெனக் குறைத்தால் தாழ்சர்க்கரை நிலை ஏற்படலாம். முன்னதாக மருத்துவரிடம் தெரிவிக்கவும். மருந்தின் அளவைத் தாமாக மாற்ற வேண்டாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தவும். மயங்கிய நிலையில் உள்ளவருக்கு வாய்வழி எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழைக்கவும்.
• சிறுநீரக நோயாளிகள்: பயறு, தக்காளி ஆகியவற்றில் பொட்டாசியம் உண்டு. உரிய அளவை மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே உண்ணவும்.
• கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சை பெறுவோர்: முளைகட்டிய பயறு சேர்ப்பதாயின் நன்கு வேகவைக்கவும்.
• தாவர உணவை மட்டும் உண்போர், நெடுநாள் மெட்ஃபார்மின் உட்கொள்வோர்: வைட்டமின் பி12 குறைபாடு நேரலாம், இரத்தப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேட்கவும்.

வழக்கமான உணவு உண்ட நாளிலும் இக்கலவையை உண்ட நாளிலும், உணவுக்குப் பின் 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பரிசோதித்துக் குறித்து வையுங்கள். அடுத்த வருகையின்போது அக்குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்கு ஏற்ற அளவை முடிவு செய்ய அது உதவும்.