பூ உதிர்ந்த ஓர்க்கிட்டை வீசிவிடாதீர்கள்

ஐரோப்பிய நகரங்களில் அலுவலகங்களிலும் விடுதிகளிலும் துப்புரவுப் பணிபுரியும் எம்மவர்களுக்கு மிகவும் பழகிப்போன காட்சி ஒன்றுண்டு. வரவேற்பு மேசையில் இரண்டு மூன்று மாதங்கள் பூத்துக் குலுங்கிய ஓர்க்கிட் செடி, கடைசிப் பூ உதிர்ந்த கிழமையே சாடியோடு குப்பைப் பையினுள் கிடக்கும். வாங்கியவர்கள் அதனை ஒரு பூங்கொத்தாகவே கருதுகின்றனர். எமது இல்லங்களிலும் நிலைமை வேறன்று. பிறந்தநாளுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் அன்பளிப்பாக வந்த செடி, பூ முடிந்ததும் குளியலறை மூலையிலோ மாடத்திலோ ஒதுக்கப்படுகின்றது. அச்செடிகளுள் பெரும்பாலானவை இறக்கவில்லை; பல ஆண்டுகள் வாழ்ந்து, ஆண்டுதோறும் பூக்கக்கூடியவை.

முதலில் கையிலிருப்பது எவ்வகை என்று அறிதல் வேண்டும். பூவும் இல்லை, பெயர்ச்சீட்டும் இல்லையென்றால் இலையையும் தண்டையும் பார்த்தே கூறலாம். மாவிலையை விடத் தடித்து அகன்ற சில இலைகள் இருபுறமும் மாறிமாறி அடுக்கி நிற்க, சாம்பல் நிறப் பருத்த வேர்கள் சாடிக்கு வெளியே நீண்டிருந்தால் அது ஃபலெனொப்சிஸ். கடைகளில் விற்கப்படுபவற்றுள் மிகுதியானவை இவ்வினமே. 1825இல் புளூம் என்ற தாவரவியலாளர், பூவின் தோற்றத்தைக் கண்டு, அந்துப்பூச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை ஆக்கினார். கரும்பைப் போலக் கணுக்கணுவான தண்டு இருந்தால் டென்ட்ரோபியம். புல்லைப் போல நீண்ட இலைகளும் அடியில் முட்டை வடிவக் கிழங்குகளும் காணப்பட்டால் அது சிம்பிடியம். அதற்குப் பூக்கக் குளிரான இரவுகள் தேவை. இங்கு நாம் நோக்குவது ஃபலெனொப்சிஸ் பற்றியே.

இச்செடியின் பிறப்பிடம் தென்கிழக்காசியாவின் வெப்பக் காடுகள். அங்கே இது மண்ணில் வளர்வதில்லை. மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழும் மேலொட்டி. ஊரிலே மாமரத்தில் குருவிச்சை படர்ந்து மரத்தின் சாற்றை உறிஞ்சுவதை நாம் கண்டிருக்கிறோம். ஓர்க்கிட் அவ்வாறு எதையும் உறிஞ்சுவதில்லை. மரம் அதற்கு வெறும் இருக்கை மட்டுமே. மழையில் நனைவதும் உடனே காற்றில் உலர்வதும் அதன் வேர்களுக்குப் பழக்கம். எமது வறண்ட வலயக் காடுகளில் மரங்களில் தொற்றி, பழுப்புக் கோடிட்ட இதழ்களோடு மணம் வீசும் வந்தா ஓர்க்கிட்டின் வாழ்வும் இத்தகையதே.

இதனைப் புரிந்துகொண்டால் நோயும் மருந்தும் விளங்கிவிடும். வீட்டு ஓர்க்கிட்டுகள் தண்ணீரின்றிச் சாவதை விடத் தண்ணீரில் மூழ்கிச் சாவதே அதிகம். இலை வாடித் தோல் சுருங்கியதைக் கண்டதும் மேலும் மேலும் நீர் ஊற்றுகிறோம். உண்மையில் வேர் அழுகிவிட்டதால் நீரை உறிஞ்ச வழியின்றியே இலை வாடுகின்றது. எனவே இலையைப் பார்த்து முடிவு செய்யாமல் செடியைச் சாடியிலிருந்து மெதுவாக வெளியே எடுங்கள். விரலால் அழுத்தும்போது உறுதியாக இருப்பது உயிர்வேர். பழுப்பேறி, நசிந்து, உள்ளீடற்ற குழாய் போலாகிவிட்டது செத்த வேர். கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி ஆறவிட்டு, செத்த வேர்களை மட்டும் வெட்டி நீக்க வேண்டும். வெட்டிய வாயில் கறுவாத்தூள் தடவுவோர் உண்டு. நல்ல வேரில் அது படாதிருக்கட்டும், ஏனெனில் அது வேரை உலர்த்திவிடும். பழைய பட்டைத்தூளையும், கடைச் செடிகளின் நடுவே பெரும்பாலும் மறைந்திருக்கும் ஈரப்பாசிக் கட்டியையும் அகற்றிவிட்டு, பூங்கன்றுக் கடைகளில் ஓர்க்கிட்டுக்கென விற்கப்படும் பைன் மரப்பட்டைத் துண்டுகளில் நடுங்கள். தோட்டத்து மண் வேண்டவே வேண்டாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் சாடி நல்லது. வேரின் நிறத்தை வெளியிலிருந்தே காணலாம். வேர் பச்சையாயின் நீர் போதும். வெள்ளி நிறமாயின் தாகம். அப்போது சாடியை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி, முற்றாக வடியவிட வேண்டும். கிழமைக்கு ஒருமுறை என்று நாட்காட்டி பார்த்து ஊற்றுவதை விட இதுவே நம்பத்தகுந்த வழி. இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் துணியால் ஒற்றிவிடுங்கள். குருத்து அழுகினால் அத்தண்டு மேலே வளராது.

துப்புரவு வேலைக்குச் சென்ற நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு எனக்குக் கொணர்ந்து தந்த செடியில் மூன்று இலைகளும் இரண்டே வேர்களும் எஞ்சியிருந்தன. பூத்தண்டு இன்னும் பச்சையாக இருந்தும் அடியோடு வெட்டினோம். வலுவுள்ள செடியாயின் மூன்றாம் கணுவுக்கு மேலே வெட்டினால் மறுபடியும் கிளைத்துப் பூக்கக்கூடும். நலிந்த செடியிடம் அதனைக் கேட்பது நியாயமன்று. நான்கு மாதங்கள் எதுவும் நிகழவில்லை. வீட்டார் நகைத்தனர். ஐந்தாம் மாதம் இலையடியைக் கிழித்துக்கொண்டு பச்சை நுனியுடன் ஒரு வேர் வந்தது. வேர் பிடிக்கும்வரை உரம் இடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

குளிர்காலத்தில் எமது தொடர்மாடி வீடுகளின் யன்னலடியில் வெப்பமூட்டி எரிந்துகொண்டிருக்கும். அதன் நேர்மேலே செடியை வைத்தல் ஆகாது. கிழக்கு யன்னல் மிக நன்று. கோடையில் தெற்கு யன்னல் வெயில் இலையைச் சுட்டுவிடும். இலை கரும்பச்சையானால் ஒளி போதவில்லை என்று கொள்க. இலையுதிர்காலத்தில் சில கிழமைகள் இரவு வெப்பநிலை 16 முதல் 18 பாகை செல்சியஸ் அளவுக்குத் தாழ்ந்தால் பூத்தண்டு எழும். பகலெல்லாம் பிள்ளைகள் பாடசாலையிலும் பெற்றோர் வேலையிலும் இருக்க, வீட்டில் தனித்திருக்கும் பெரியவர்களிடம் இப்பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். ஊரில் முற்றமும் கிணற்றடி வாழையும் வைத்திருந்த கைகள் அவை. வேரின் நிறத்தை எங்களைவிட விரைவாகப் படித்துவிடுவார்கள்.

ஆர்வம் மிகுந்து, ஊருக்குச் சென்று திரும்பும்போது காட்டு ஓர்க்கிட்டைப் பயணப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர எவரும் எண்ண வேண்டாம். ஓர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் வருவது. உரிய அனுமதிப் பத்திரமின்றி எல்லை கடந்தால் செடியும் பறிபோகும். தண்டமும் கட்ட நேரும்.

பூத்தண்டு தோன்றியதிலிருந்து முதற்பூ விரிய இரண்டு மூன்று மாதங்களாகும். அக்காலத்தில் சாடியைத் திருப்பிக்கொண்டிருந்தால் தண்டு ஒளியைத் தேடி வளைந்து வளைந்து போகும். மற்றொன்று: பழுக்கும் கனிகளிலிருந்து வெளிப்படும் எதிலீன் வாயு மொட்டுகளை உதிர்த்துவிடும். ஆகவே தமிழ்க் கடையில் கறுத்தக்கொழும்பான் பெட்டி வாங்கி வந்தால், அதனை வேறு அறையில் பழுக்க வையுங்கள்.