கடல் உள்வாங்கிவிட்டுத்தான் வருமா?

நாகப்பட்டினத்திலிருந்து ஏழாம் வகுப்பு வாசகி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: “சுனாமிக்கு முன்னால் கடல் உள்வாங்கும் என்று படித்தேன். ஆனால் 2004இல் முதலில் தண்ணீர் ஏறித்தான் வந்தது என்கிறார் எங்கள் பாட்டி. எது சரி?”

பாட்டி சொல்வது சரி. அவள் படித்ததும் பொய்யல்ல, ஆனால் பாதிதான். ஆபத்தைப் பற்றிக் குழந்தைகளுக்குப் பாதியைச் சொல்லி நிறுத்தக் கூடாது.

2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. அங்கே பூமியின் மேலோட்டுத் துண்டான இந்தியத் தட்டு, இன்னொரு துண்டான பர்மா தட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. அந்த நுழைவில்தான் விஷயம் இருக்கிறது.

கல்லில் ஒரு பக்க ஓரம் ஒட்டிக்கொண்ட தோசையை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து கரண்டியால் தள்ளினால் ஓரம் அசையாது. அதற்குப் பின்னால் தோசை புடைக்கும். இன்னும் தள்ளினால் ஓரம் சட்டென்று விட்டுக்கொண்டு எகிறும். அதே நேரம் புடைப்பு தளர்ந்து கீழே இறங்கும். இந்தியத் தட்டுதான் கல், பர்மா தட்டு தோசை. இந்தத் தோசைக்கு ஒட்டிய ஓரமே சுமார் 1,300 கிலோமீட்டர். அது தெற்கிலிருந்து வடக்காகப் பிய்ந்து முடியச் சுமார் பத்து நிமிடம் ஆனது. தோசைமேல் சாம்பாரை ஊற்றியிருந்தால், எகிறிய ஓரத்தில் சாம்பார் மேடாகும், இறங்கிய இடத்தில் குழியாகும். அந்தச் சாம்பார்தான் கடல்.

மேடு எழுந்தது மேற்கே, இந்தியாவையும் இலங்கையையும் பார்த்த பக்கத்தில். குழி விழுந்தது கிழக்கே, தாய்லாந்துப் பக்கத்தில். ஆகவே தாய்லாந்துக் கரைக்குக் குழி முதலில் போய்ச் சேர்ந்து கடல் உள்வாங்கியது. நமக்கு மேடு முதலில் வந்தது. உள்வாங்கியது அதற்குப் பிறகுதான். இலங்கையின் களுத்துறையில் அலைகளுக்கு நடுவே கடல் வெகுதூரம் விலகிக் கிடந்ததைச் செயற்கைக்கோள் படம் பிடித்திருக்கிறது.

ஆழம் கூடினால் சுனாமி விரையும். நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர். பத்து மீட்டர் ஆழத்தில் 36தான். அதனால்தான் நிலநடுக்க மையத்திலிருந்து 2,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்கு இரண்டரை மணி நேரத்தில் வந்தது. 600 கிலோமீட்டர்கூட இல்லாத தாய்லாந்தின் புக்கெட்டுக்கு, இடையில் ஆழம் குறைந்த கடல் கிடப்பதால், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடித்தது.

சுமத்ரா அருகே உள்ள சிமெலுவே தீவினர் 1907 சுனாமியில் பட்டதைப் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004இல் நிலம் குலுங்கியதும் மலைக்கு ஓடினார்கள். சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர்.

அடுக்குமாடி உயரத்துக்கு அலை சுருண்டு விழும் வரைகலை வீடியோக்களைக் குழந்தைகளுக்குக் காட்டாதீர்கள். அன்று நடுக்கடலில் ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்த உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். கரையிலும் பல இடங்களில் சுனாமி நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும் வெள்ளமாகத்தான் வந்தது. சுவர் மாதிரி அலை வரும் என்று காத்திருக்கும் பிள்ளை ஓட வேண்டிய நேரத்தை இழந்துவிடும்.

சிமெலுவேக்காரர்களுக்கு நிலமே எச்சரித்தது. நாகப்பட்டினத்தில் அந்த அளவு குலுங்காது. கடலும் முதலில் உள்வாங்கும் என்ற உறுதியில்லை. அதனால் நம் கரைக்கு ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையத்தின் அறிவிப்பு மிக முக்கியம். அறிவிப்பு வந்தால், கடல் அமைதியாகத் தெரிந்தாலும், மேட்டுக்கோ உறுதியான மாடிக்கோ போய்விட வேண்டும். கடல் உள்வாங்கினாலும் ஓட வேண்டும், வழக்கமில்லாமல் ஏறினாலும் ஓட வேண்டும். அடுத்த அலை அரை மணி நேரம் கழித்தும் வரலாம், முதலாவதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். ஆபத்து நீங்கியது என்று அறிவிக்கும்வரை படகைப் பார்க்கவோ வீட்டைப் பார்க்கவோ யாரும் இறங்கக் கூடாது.