பசுவும் பாடசாலையும்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தின்மீது மலை சரிந்து வீழ்ந்தது. லயங்கள் மண்ணுள் மறைந்தன. பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. ஏழரை மணியளவில் அவ்வவலம் நிகழ்ந்தமையால், முன்னரே பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். புத்தகப் பையுடன் இறங்கிப் போன பிள்ளைக்கு மாலையில் திரும்பிவர வீடு இருக்கவில்லை. சிலருக்குத் தாய் தந்தையரும் இருக்கவில்லை. கல்வி உயிர் காக்கும் என்று நாம் பரிசளிப்பு விழாக்களிற் பேசுவதுண்டு. மீரியபெத்தையில் அது மேடைப் பேச்சாக இல்லாமல் நடந்த செய்தியாகவே ஆயிற்று.

உயிர் தப்பிய குடும்பங்கள் பூனாகலைப் பகுதியில் இயங்காதிருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தன. 2016இல் அவர்களுக்குப் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. வீடு வந்தது, பிள்ளைகளின் படிப்புச் செலவு பழையபடியே நின்றது. மீரியபெத்தைக்கு மட்டுமன்றி, ஊவா மலைத்தோட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான இச் செலவைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

"இலங்கையிற் கல்வி இலவசமாயிற்றே, கட்டணம் எங்கிருந்து வந்தது?" என்று நண்பர் ஒருவர் எம்மை வினவினார். வினா நியாயமானதே. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். அதுவரை, தோட்டத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியரும் ஒரு கொட்டகையுமே பாடசாலையாக இருந்த இடங்கள் பல. பின்னர் பாடநூல் இலவசமாயிற்று; சீருடைத் துணியும் இலவசமாயிற்று. 2025ஆம் ஆண்டுக்கென அஸ்வெசும பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பி முதலியன வாங்க 6,000 ரூபாவும் அறிவிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் நாம் குறைத்துக் கூறோம்.

எனினும் கொப்பியோடு படிப்பு முடிந்துவிடுவதில்லை. சப்பாத்து வேண்டும், ஊவா மழைக்குக் குடை வேண்டும், பாடசாலை வசதிக் கட்டணம், ரியூஷன் வகுப்பு, நிழற்பிரதி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இவையனைத்திலும் கொடியது பஸ் கட்டணம். தோட்டத்துப் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றில் உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகள் இல்லை. சாதாரண தரத்தில் நன்கு சித்தியடைந்த பிள்ளை பண்டாரவளைக்கோ பதுளைக்கோ நாள்தோறும் போய்வர வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளையே வீட்டுக்கு அதிகச் செலவு வைக்கிற பிள்ளை என்ற விபரீதம் இவ்வாறு நேர்கிறது.

எமது வகுப்பின் வரவுப் பதிவேடே இதனை எமக்குக் கற்பித்தது. மாணவன் ஒருவன் ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வரமாட்டான். சோம்பல் என்றே எண்ணினோம். வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கடிந்தும் கொண்டோம். அவன் வாய் திறக்கவில்லை. பல மாதங்களுக்குப் பின்னரே, தோட்டத்திற் சம்பளம் போடுவது பத்தாந் திகதியளவில் என்பது எமக்கு உறைத்தது. சம்பளத்துக்கு முந்திய வாரம் அவன் வீட்டில் பஸ்ஸுக்குக் காசு இல்லை. அத்துணை எளிய காரணத்தை அறிய இருபதாண்டு ஆசிரியத் தொழில் எமக்குப் போதவில்லை.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் அது வேலை கிடைத்த நாளுக்குரிய கணக்கு. மாதமெல்லாம் வேலை கிடைப்பதில்லை. கிடைத்ததிலும் கழிவுகள் உண்டு. அரிசியும் மாவும் கொண்டது போக மிஞ்சுவதே பிள்ளையின் பங்கு. ஆகவே சம்பளத்துக்கு வெளியே சிறியதொரு வரும்படி வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. வேறுபாடு அதனை எவ்வாறு உண்டாக்குவது என்பதிலேயே.

இங்குதான் நுண்கடன் வந்து சேருகிறது. ஒரு கணக்கை மாணவர்களும் போட்டுப் பார்க்கலாம். சுயதொழிலுக்கென்று ஒரு தாய் 50,000 ரூபா கடன் பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகைக்கும் ஆண்டுக்கு 24 சதவீத வட்டி. 50 வாரத் தவணை. வாரந்தோறும் கட்டவேண்டியது 1,240 ரூபா, அதாவது 2024இன் கணக்கில் ஏறக்குறைய ஒரு நாட்சம்பளம். முதல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே கணிக்கப்படுவதால், உண்மை வட்டி 45 சதவீதத்தைத் தாண்டும். அவள் வாங்கிய சினைப்பசு கன்று ஈன மூன்று மாதம் செல்லும். தவணையோ அடுத்த வாரமே வாசலில் நிற்கும். பால் வருமுன் கட்டுகிற அந்தப் பணம் எங்கிருந்து வரும்? பிள்ளையின் பஸ் காசிலிருந்தன்றோ வரும்! படிப்புக்காகப் பெற்ற கடன் படிப்பையே முதலில் தின்கிறது. 2018இல் அரசாங்கம், வறட்சியால் நலிந்த மாவட்டங்களில், ஓர் இலட்சம் ரூபா வரையிலான பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வர நேர்ந்ததை நேயர்கள் நினைவிற் கொள்வார்களாக.

இத்தகைய கடனுக்கு மூலவராகப் பேசப்படும் முகம்மது யூனுஸ் எம்மைப் போல் ஓர் ஆசிரியர். சிட்டகொங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்தவர். 1976இல் அயற்கிராமமான ஜோப்ராவில் 42 பேருக்குத் தேவைப்பட்ட மொத்தத் தொகை 856 டாக்காவே என்று கண்டு, தம் கைப்பணத்தைக் கொடுத்தார். பலரும் விட்டுவிடுகிற செய்தி ஒன்று இதில் உண்டு. அவர்களுள் மூங்கில் முக்காலி பின்னிய பெண்களுக்குத் தொழில் ஏற்கெனவே கைவசம் இருந்தது. மூங்கில் கொடுத்த வியாபாரியே முக்காலியையும் தான் வைத்த விலைக்குக் கொண்டு போனான். கடன் அந்தப் பிடியை மட்டுமே அறுத்தது. தொழிலும் சந்தையும் இல்லாத கையில் அதே கடனை வைத்தால் அதே பலன் வராது.

அதே வங்காளதேசத்தில், 'பிராக்' நிறுவனம் 2002இல் வேறொரு வழியைத் தொடங்கியது. மிக வறிய குடும்பத்துக்குப் பசுவையோ ஆட்டையோ கடனாக அல்லாமல் கொடையாகவே கொடுத்தது. பசி வந்து விலங்கை விற்றுவிடாதிருக்கச் சில காலம் செலவுக்குச் சிறு பணம், வளர்ப்புப் பயிற்சி, வாரந்தோறும் வந்து விசாரிக்க ஓர் ஆள். இம்முறையை 6 நாடுகளிற் சோதித்த ஆய்வு 2015இல் வெளியாயிற்று. உதவி நின்று ஓராண்டின் பின்னும் அக்குடும்பங்களின் வருவாயும் உணவும் உயர்ந்தேயிருந்தன. செலவு மிக்க வழிதான். ஆயினும் ஆண்டுதோறும் சனவரியிற் புத்தகப் பை வழங்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்வதைவிட இது மேலென்பது எமது துணிபு. பை சனவரியில் வருகிறது. பஸ் காசு ஆனியிலும் ஆவணியிலும் தேவைப்படுகிறது.

ஊவாவில் இதற்குத் தடையொன்று உண்டு. லயத்து மக்களுக்கு நிலவுரிமை இல்லை. மாட்டுக்கொட்டில் போடவும் துரையின் அனுமதி வேண்டும். உறுதிப்பத்திரம் இல்லாமையால் வங்கிக் கடனும் எளிதிற் கிட்டாது. வாசலுக்கு வரும் வாரக் கடன் இவர்களைப் பிடித்துக்கொள்வது இதனாலேயே.

அண்மையில் தோட்டமொன்றில் பழைய மாணவி ஒருத்தியின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். தாய் கொழுந்து பறிப்பவர். நலன்புரிச் சங்கமொன்று பசு கொடுத்திருந்தது. முதற் கன்றை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே நிபந்தனை. "காலைப் பால் வீட்டுக்குங்க சேர், அந்திப் பால் மகளோட பஸ்ஸுக்கு" என்றார். "பால் வற்றுகிற இரண்டு மாதம் என்ன செய்வீர்கள், அம்மா?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். அந்த இரண்டு மாதத்துக்கென்றே பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் பிடிக்கிறார்களாம். தமது முறை எந்த மாதம் வரவேண்டுமென்று பசுவின் கணக்கைப் பார்த்துத்தான் பெயர் கொடுத்தாராம். எந்தத் திட்ட அறிக்கையிலும் இந்த யோசனையை நாம் கண்டதில்லை.

மகள் கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். முன்பக்கங்களில் திரிகோணகணிதம். பின்பக்கத்தில், அதே கையெழுத்தில், வைகாசி மாதப் பால், புண்ணாக்கு, மிருக வைத்தியர், பஸ். மீதி 340 ரூபா.