கைமாறும் வால்வுகள்

வால்வு வைத்த ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் கையாளும் பாகங்களில், பெரும்பாலும் வால்வு ஒன்றைத்தான் சால்டரிங் இல்லாமல் வெறுங்கையால் கழற்றி மாற்ற முடியும். ரெசிஸ்டர், கப்பாசிட்டர், டிரான்சிஸ்டர் எல்லாம் ஈயப்பற்று வைத்துப் பலகையோடு ஒட்டியிருக்கும். வால்வு மட்டும் பல்பைப் போலச் சாக்கெட்டில் செருகி நிற்கும். தேய்ந்துபோகும் பொருள் என்று முன்கூட்டியே தெரிந்துதான் அப்படி வடிவமைத்தார்கள். சில ஆயிரம் மணி நேரம் ஓடினால் கேதோடின் பூச்சு வலுவிழக்கும், ஒலி மங்கும், புதியதைச் செருக வேண்டியிருக்கும். பழுது பார்ப்பதற்காகச் செய்த இந்த ஏற்பாடு, ஒரே ஆம்ப்ளிஃபயரில் இன்று ஜெர்மன் வால்வும் நாளை ரஷ்ய வால்வும் போட்டுக் கேட்கிற பொழுதுபோக்குக்கு வழிவிட்டது. கழற்ற முடிவதால் கொடுக்கவும் முடிகிறது. இந்த ஆர்வம் பிடித்தவர்களிடையே வால்வுகள் இரவலாகவும் இனாமாகவும் ஊர்விட்டு ஊர் போய்வருவதற்கு மூல காரணம் அந்தச் சாக்கெட்தான்.

வால்வு வேலை செய்யும் விதம் எளிது. காற்றை நீக்கிய கண்ணாடிக் குடுவைக்குள் ஹீட்டர் ஒன்று கேதோடைச் சூடாக்குகிறது. சூடேறிய கேதோடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, நேர் மின்னழுத்தம் உள்ள பிளேட்டை நோக்கி ஓடுகின்றன. இடையில் மெல்லிய கம்பிச் சுற்றாக நிற்பது கிரிட். அதில் பாட்டின் சிறிய மின்னழுத்தத்தைக் கொடுத்தால், பிளேட்டுக்கு ஓடும் மின்னோட்டம் அதற்கேற்பக் கூடியும் குறைந்தும் போகும். இரு முனை வால்வை 1904-இல் ஆம்ப்ரோஸ் ஃப்ளெமிங் செய்தார். 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் கிரிட்டைச் சேர்த்தார். பிறகு அரை நூற்றாண்டு காலம் வானொலி, தொலைபேசி, சினிமா என்று ஒலி சம்பந்தப்பட்ட எல்லாமே இதை நம்பித்தான் நடந்தன.

இந்திய வால்வு என்றால் முதலில் நினைவுக்கு வருவது பாரத் எலெக்ட்ரானிக்ஸ். இது 1954-இல் பெங்களூரில் பாதுகாப்புத் துறையின் கீழ் தொடங்கிய நிறுவனம். 1961-இல் அங்கே ரேடியோ வால்வு உற்பத்தி ஆரம்பமானது. மதுரைப் பக்கத்து வீடுகளிலும் டீக்கடைகளிலும் திருச்சி வானொலியும் இலங்கை வானொலியும் கேட்ட காலத்தில், செட் மங்கிப்போனால் மெக்கானிக் முதலில் சந்தேகப்பட்டது வால்வைத்தான். வால்வு டெஸ்டர் எல்லாக் கடையிலும் இருக்காது. நன்றாக வேலை செய்வது உறுதியாகத் தெரிந்த ஒரு வால்வை எடுத்துச் செருகிப் பார்ப்பார். ஒலி திரும்பினால் பழையது போய்விட்டது என்று அர்த்தம். இன்று ஹெட்போன் ஆர்வலர்கள் ரசனைக்காகச் செய்யும் வேலை, பழுது கண்டுபிடிக்கும் முறையாக அன்றே மெக்கானிக் கடையில் இருந்தது.

வீட்டு ரேடியோவைவிடக் கடுமையாக உழைத்தவை மைக் செட்காரர்களின் வால்வுகள். மதுரைப் பசுமலையிலிருந்து திருப்பரங்குன்றம், திருமங்கலம் வரை எந்த ஊர்த் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்றாலும் மரத்திலும் மூங்கிலிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுவது வழக்கம். ஒரு குழாய்க்கே பத்து இருபது வாட் வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் வந்து எடையையும் மின் செலவையும் குறைத்த பிறகும், குழாய்க்கு வால்வு செட்தான் பொருத்தம் என்று சொல்லி அதை விடாமல் வைத்திருப்பவர்கள் தென் மாவட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். நள்ளிரவில் ஒரு வால்வு போனால் கடை திறந்திருக்காது. பக்கத்து ஊர்ச் செட்காரரிடம் கேட்டு வாங்கிப் போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. போட்டித் தொழில் என்றாலும் அந்த நேரத்தில் கொடுக்காதவர் பெயர் கெட்டுவிடும்.

குழாய்க்கு இருபது வாட் தேவை என்றால், ஹெட்போனுக்குச் சில மில்லிவாட் போதும். வால்வு விரும்பிகள் ஹெட்போன் பக்கம் வந்ததற்கு இது முக்கியமான காரணம். ஸ்பீக்கரை ஓட்டும் வால்வு ஆம்ப்ளிஃபயருக்குப் பொதுவாகக் கனமான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். செலவில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். 300 ஓம் உள்ள சென்ஹெய்ஸர் ஹெச்டி 600, ஹெச்டி 650 போன்ற ஹெட்போன்களை, தகுந்த வால்வு இருந்தால், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் ஓட்டலாம். அந்தத் தகுந்த வால்வு 6ஏஎஸ்7ஜி. பவர் சப்ளையில் மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்க உருவானது அது. உள்தடை 280 ஓம்தான் என்பதால் ஹெட்போனுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அதன் மாற்று 6080. பாட்டில்ஹெட் நிறுவனத்தின் கிராக் என்ற கிட், ஒரு 6080-ஐயும் ஒரு 12ஏயூ7-ஐயும் வைத்து இந்த வழியில் செய்யப்பட்டது. வால்வு மாற்றிப் பார்க்கும் ஆசை பலருக்கு அதில்தான் தொற்றியது. லிட்டில் டாட் என்ற சீன ஆம்ப்ளிஃபயரில் முன்வரிசை வால்வு ஏழு கால் கொண்ட 6ஜே1. அதற்கு ஈடான 6ஏகே5 போர்க்காலத்தில் ஏராளமாகச் செய்யப்பட்டுத் தேங்கிக் கிடந்தது. விலை மலிவாக இருந்ததால் நாலைந்து வாங்கி, இரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை நண்பருக்குக் கொடுத்துவிடுவது சுலபமாயிற்று.

6ஏஎஸ்7ஜி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் ஹீட்டர் மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கிறது. கிட்டத்தட்ட 16 வாட் வெறும் சூடாகவே போகிறது. மதுரைச் சித்திரை வெயிலில், கதவு மூடிய அலமாரிக்குள் அதை வைத்து ஓட்டினால் பக்கத்திலிருக்கும் கப்பாசிட்டர்களின் ஆயுளும் சேர்ந்து குறையும். நாலு பக்கமும் காற்றோட்டம் வேண்டும்.

எந்த வால்வுக்கு எது மாற்று என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஒன்பது கால் வால்வுகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், எந்த ஒன்பது கால் சாக்கெட்டிலும் ஏறி உட்காரும், ஆனால் உள்ளே இணைப்பு வேறு. 12ஏஎக்ஸ்7, 12ஏடி7, 12ஏயூ7 மூன்றும் ஒரே குடும்பம். ஐரோப்பியக் கணக்கில் இவை முறையே ஈசிசி83, ஈசிசி81, ஈசிசி82. கால் வரிசையும் ஹீட்டர் தேவையும் ஒன்றுதான். பெருக்கும் திறன் வேறு: முதலாவதற்கு 100, இரண்டாவதற்கு 60, மூன்றாவதற்கு 20-க்குள். மாற்றிப் போட்டால் ஆபத்து வருவது அரிது. ஆனால் 12ஏயூ7 பத்து மில்லிஆம்பியர் ஓட்டத்துக்கு வடிவமைத்தது, 12ஏஎக்ஸ்7 ஒரு மில்லிஆம்பியர் அளவில் வேலை செய்வது. ஒன்றுக்காகப் போட்ட சர்க்யூட்டில் மற்றது தன் முழுத் திறமையைக் காட்டாது.

ஈசிசி88 அடுத்த குடும்பம். இதில் நான்காம், ஐந்தாம் கால்களுக்கு இடையே 6.3 வோல்ட் வர வேண்டும். அதே கால்களில் 12.6 வோல்ட் வரும்படி இணைத்த 12ஏயூ7 சாக்கெட்டில் ஈசிசி88-ஐச் செருகினால் ஹீட்டர் சீக்கிரமே கருகிவிடும். தலைகீழாக, ஈசிசி88 சாக்கெட்டில் 12ஏயூ7-ஐப் போட்டால் ஹீட்டருக்குப் பாதி மின்னழுத்தம்தான் கிடைக்கும், சூடு போதாது. ஈசிசி88-க்கு மாற்று என்று பலர் சொல்லும் ரஷ்ய 6என்1பி வால்வின் கால் வரிசை ஒத்துப்போகும். ஆனால் அதன் ஹீட்டர் 600 மில்லிஆம்பியர் கேட்கும். ஈசிசி88 கேட்பது 365. இரண்டு வால்வு உள்ள சின்ன ஆம்ப்ளிஃபயரில் அந்தக் கூடுதல் சுமையைப் பவர் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று பார்க்காமல் போட்டு, கருகல் வாசனை வந்த பிறகு கழற்றியவர்கள் உண்டு. இரவல் கொடுப்பவர் வால்வோடு இந்த விவரத்தையும் ஒரு சீட்டில் எழுதி வைப்பது, வால்வைக் கொடுப்பதற்குச் சமமான உதவி.

மாற்றும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கண்ணாடி ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பிளேட்டுக்குப் போகும் மின்னழுத்தம் 150, 200 வோல்ட் என்று இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். மேல்பக்கச் சாக்கெட்டில் வால்வு மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அடிமூடியைத் திறக்கக் கூடாது. மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து நேராக மேலே இழுத்தால் கால் வளையாது. கண்ணாடியில் அச்சிட்ட எழுத்தைத் துணியால் துடைப்பதும் கூடாது. பழைய வால்வுகளின் மை விரல் பட்டாலே உதிரும். எழுத்துப் போனால் அது எந்த வால்வு என்பதே தெரியாமல் போய்விடும். புதிய வால்வு சூடேறி நிலைக்கு வந்த பிறகுதான் ஹெட்போனைச் செருக வேண்டும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஆம்ப்ளிஃபயரில் ஆரம்பத்தில் வரும் 'டொம்' ஹெட்போனுக்கு நல்லதல்ல.

செருகிய பிறகு முதலில் பார்க்க வேண்டியது பெரும்பாலும் கண்ணாடியின் உச்சியில் இருக்கும் வெள்ளிநிறப் பூச்சை. உள்ளே மிச்சமிருக்கும் வாயுவை உறிஞ்சுவதற்காகப் படிய வைத்த பேரியம் அது. கண்ணாடிபோலப் பளபளத்தால் உள்ளே காற்று புகவில்லை என்று அர்த்தம். பால் ஊற்றியதுபோல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, இனி அதில் பயன் இல்லை. அடுத்து, பாட்டுப் போடாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பென்சிலின் பின்பக்கத்தால் கண்ணாடியை லேசாகத் தட்டுவார்கள். சில வால்வுகள் சும்மா இருக்கும். சில வால்வுகள் கிண்ணென்று மணிபோல ஒலித்து, அந்த ஒலி அடங்கச் சில நொடி எடுக்கும். உள்ளே கிரிட் அதிர்வதால் வருவது அது. மேடைக் குழாயில் யாருக்கும் கேட்காத இந்தக் குறை, காதோடு ஒட்டிய ஹெட்போனில் துல்லியமாகத் தெரியும். ஒரு காதில் மட்டும் இரைச்சல் வந்தால் இடது, வலது வால்வுகளை இடம் மாற்றிப் போடுவார்கள். இரைச்சலும் கூடவே அடுத்த காதுக்குப் போனால் குற்றம் வால்வில், போகாவிட்டால் சர்க்யூட்டில்.

ஒலி எவ்வளவு மாறுகிறது என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தில் சொல்லப்படும் பதில்கள் பல நேரம் மிகையானவை. கூடுதல் பெருக்கம் கொண்ட வால்வைப் போட்டால் ஒலி உரத்துக் கேட்கும். உரத்துக் கேட்பதை நன்றாகக் கேட்பதாகக் காது எடுத்துக்கொள்ளும். வால்யூமைச் சரியாக ஒப்பிட்டு வைத்துக் கேட்டால் பாதி வித்தியாசம் மறைந்துவிடும். மறையாமல் மிஞ்சுவது உண்மையானது: இரைச்சலின் அளவு, இரண்டு காதுக்கும் உள்ள சமநிலை, சர்க்யூட்டைப் பொறுத்து வரும் விலகல். அந்த மிச்சமும் ஆம்ப்ளிஃபயருக்கு ஆம்ப்ளிஃபயர் மாறும். பெங்களூர் ஈசிசி83 ஒருவர் செட்டில் இனிமையாக இருந்தது என்பதால் இன்னொருவர் செட்டிலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

இரவல் தவிர்க்க முடியாததாக ஆனது இதனால்தான். தன் செட்டில், தன் ஹெட்போனில், தன் காதால் கேட்காமல் ஒரு வால்வைப் பற்றி எதுவும் தீர்மானிக்க முடியாது. பழைய டெலிஃபங்கன், முல்லார்ட் வால்வுகளோ ஆயிரக்கணக்கில் விலை போகின்றன. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே ஒருவரிடம் இருப்பது நாலைந்து பேரிடம் சுற்றி வருகிறது. பல நாடுகளில், தபால் செலவை மட்டும் வாங்குகிறவர் ஏற்க, ஒரு பெட்டி நிறைய வால்வுகள் ஆள் மாறி ஆள் போகும் வழக்கம் இருக்கிறது. வாங்குகிறவர் கேட்டு முடித்து, குறிப்பெழுதி, அடுத்தவருக்கு அனுப்புவார். தன்னிடம் உபரியாக இருக்கும் ஒன்றிரண்டை உள்ளே போடுகிறவர்களும் உண்டு. அந்நியரை நம்பி விலையுயர்ந்த கண்ணாடிப் பொருளை அனுப்புவது சின்ன விஷயமல்ல. பெற்றவர் முறையாகத் திருப்புவார் என்ற நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை என்பதால்தான் அந்த வழக்கம் நிற்கிறது.

பகிர்வது பொருளை மட்டுமல்ல. அமெரிக்கப் பொறியாளர் பீட் மில்லெட், கார் ரேடியோவுக்காக 12 வோல்ட்டிலேயே ஓடும்படி 1950-களில் செய்த வால்வுகளை வைத்து ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரை வடிவமைத்து, சர்க்யூட்டை யாரும் செய்துகொள்ளலாம் என்று வெளியிட்டார். உயர் மின்னழுத்தம் தேவைப்படாததால் புதியவர்கள் பயமில்லாமல் கைவைக்க முடிந்தது. அச்சில் இல்லாத பழைய வால்வு நூல்களை ஸ்கேன் செய்து அவர் இலவசமாகக் கொடுத்ததும் அதே அளவு பெரிய உதவி. கள்ள முத்திரை விஷயத்திலும் அப்படித்தான். மலிவான வால்வின் எழுத்தை அழித்துப் பெரிய பெயரை அச்சடித்து விற்பது சாதாரணம். எழுத்தை ஏமாற்றலாம், உள் அமைப்பை ஏமாற்றுவது கடினம். பிளேட்டின் நீளமும் விளிம்பும், பேரியம் வைத்த வளையத்தின் வடிவமும் ஆலைக்கு ஆலை மாறுபடும். பல டெலிஃபங்கன் வால்வுகளின் அடியில், கால்களுக்கு நடுவே, கண்ணாடியிலேயே வைர வடிவக் குறி பதிந்திருக்கும். இவற்றைத் தெரிந்தவர் வாங்கப்போகிறவருக்குக் கூலி வாங்காமல் சொல்லிக்கொடுப்பதால் பலருடைய பணம் தப்புகிறது.

புது வால்வுகள் இன்று ரஷ்யாவின் சரத்தோவ், ஸ்லோவாக்கியாவின் ஜேஜே ஆலை, சீனா என்று சில இடங்களில்தான் உற்பத்தியாகின்றன. அவையும் பெரும்பாலும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களை நம்பி நிற்கின்றன. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியைத் தடுத்தபோது உலகெங்கும் விலை ஏறியது. 6080 போன்றவற்றுக்குப் பெரும்பாலும் பழைய இருப்புதான் கதி.

தமிழ்நாட்டில் அந்த இருப்பு மெக்கானிக் கடைகளின் டப்பாக்களில் இருக்கிறது. கடையை மூடும்போது மொத்தமாகப் பழைய இரும்புக்குப் போவதும் உண்டு, மதுரை திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போன்ற இடங்களுக்கு வருவதும் உண்டு. அப்படிக் கிடைக்கும் டப்பாவில் ஹெட்போன்காரருக்கு உதவுவது ஈசிசி83 மாதிரி ஒன்றிரண்டுதான். மீதி எல்லாம் ஈசிஹெச்81, ஈஎஃப்89 போன்ற ரேடியோ வால்வுகள். அவை அவருக்கு வேண்டியதில்லை. தாத்தா வீட்டு ரேடியோவைப் பாட வைக்க முயல்கிறவருக்கோ அவை இல்லாமல் முடியாது. பழைய ரேடியோ புதுப்பிப்பவரும் ஹெட்போன் ஆர்வலரும் ஒருவரை ஒருவர் தெரிந்து வைத்திருக்கிற ஊரில் இந்த டப்பா வீணாவதில்லை. கால்களைத் தெர்மாகோலில் குத்தி, பஞ்சு சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்து, மேலே வால்வு எண்ணையும் சோதித்த தேதியையும் எழுதி அனுப்பினால் பசுமலையிலிருந்து பெங்களூர் வரை கண்ணாடி உடையாமல் போய்ச் சேரும்.